ஐந்து முத்தமும் பதினோரு சாட்சியும்

எனக்கும் என் வகுப்பில் படித்த அவனுக்கும் பதினேழு வயது. ப்ளஸ் டூ பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம். ஒரு சாயங்காலம் வாட்ஸ்அப்பில் அவனுக்கு ஐந்து முத்தப் பொம்மைகள் அனுப்பினேன். வெட்கப்படும் மஞ்சள் முகம் ஒன்று பதிலாக வந்தது. எங்கள் காதல் மொத்தமே அவ்வளவுதான்.

என் போனில் அது பெரியப்பா கண்ணில் பட்டது. எது யார் அனுப்பியது என்று அவருக்குப் பார்க்கத் தெரியாது. பெண்பிள்ளை அனுப்பியிருக்க மாட்டாள் என்று அவரே முடிவு செய்தார். நானும் திருத்தவில்லை.

எங்கள் பக்கத்தில் நிலம் விற்றாலும் பாகம் பிரித்தாலும் காகிதத்தில் சாட்சிக் கையெழுத்து வேண்டும். பெரியப்பா வெள்ளைத்தாளில் முத்தங்களைத் தன் கையாலேயே வரைந்தார். ஐந்தும் பாகற்காய் போல இருந்தன. அடியில் பங்காளிகள் பதினோரு பேர் ‘நேரில் பார்த்தேன்’ என்று கையெழுத்துப் போட்டார்கள். பிறகு, விஷயம் வெளியே பரவக்கூடாதென்று போனைக் கிணற்றில் போட்டுவிட்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு எல்லோரும் சரக்கு வண்டியில் அரூர் போனோம்.

ஸ்டேஷனில் பெண் இன்ஸ்பெக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது என்னங்க, காய்கறி லிஸ்ட்டா?”

“முத்தம்ங்க மேடம்,” என்றார் பெரியப்பா, குரலைத் தாழ்த்தி. “மொத்தம் அஞ்சு. எங்க வூட்டுப் புள்ளைக்கு அனுப்பிருக்கான். போக்சோவுல போடுங்க.”

சிரிப்பு வராமலிருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்போது அவனை அவன் அப்பா இழுத்து வந்தார். யூனிஃபார்ம் சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை, கன்னம் வீங்கியிருந்தது. கேஸ் எழுதினால் பரீட்சை போச்சு, சிறுவர் இல்லம்தான் என்று பங்காளிகள் வண்டியிலேயே பேசிக்கொண்டு வந்திருந்தார்கள்.

“யாரு மொதல்ல அனுப்புனது?” இன்ஸ்பெக்டர் என்னைத்தான் கேட்டார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

“நாந்தாங்க மேடம்,” என்றான் அவன்.

பேனாவை எடுத்த இன்ஸ்பெக்டர், அடியில் இருந்ததைப் பார்த்து நிறுத்தினார். “இந்தப் பதினோரு பேரும் யாருங்க?”

“சாட்சிங்க. எல்லாரும் கண்ணால பாத்தவங்க.”

“சின்னப் புள்ள மெசேஜ பதினோரு பேருக்குக் காட்டிருக்கீங்க. போனு எங்க?”

“கெணத்துல போட்டுட்டங்க.”

“அப்ப கேஸுன்னு எழுதுனா மொதல்ல உங்க மேலதான். அப்புறம் இவங்க மேல. கையெழுத்தும் நீங்களே குடுத்துட்டீங்க.”

சித்தப்பாவுக்கு உடனே மாட்டுக்குத் தண்ணீர் காட்டாதது ஞாபகம் வந்தது. ஒவ்வொருவராக நழுவினார்கள். ஒருவர் தன் கையெழுத்தை மட்டும் கிழித்துத் தரும்படி கெஞ்சினார். பெரியப்பா தாளை வாங்கிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார்.

கேஸ் இல்லை. திரும்பும் வழியில் பெரியப்பா எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார், நானும் சாப்பிட்டேன். ஆனால் ஸ்டேஷனுக்குப் போன பையன் என்ற பேச்சு அவனை விடவில்லை. அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்தினான். முதல் பரீட்சையன்று எனக்கு முன்னால் அவன் நம்பர் ஒட்டிய பெஞ்சு காலியாகக் கிடந்தது. அனுப்பியது நான்தான் என்று அன்றாவது யாரிடமாவது சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. கேள்வித்தாளை வாங்கி எழுத ஆரம்பித்தேன்.