குதிரை வாலுக்குக் கீழே

டிசம்பர் எட்டாம் தேதி சாயங்காலம் எங்கே போவதாக இருந்தாலும் கிஸ்லேன் சன்னல் விளிம்பில் விளக்கு வைத்துவிட்டுத்தான் போவாள். வரிவரியாக வார்த்த குட்டிக் கண்ணாடிக் குவளைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மெழுகு. லியோன் நகரத்தில் அன்று ஒரு சன்னலில் விளக்கில்லை என்றால் அந்த வீட்டுக்காரர்கள் வெளியூர்க்காரர்களாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டில் ஏதோ நடந்திருக்க வேண்டும். கிஸ்லேன் வீட்டிலும் நாலு வருஷத்துக்கு முன்னால் ஏதோ நடந்தது. அப்படியும் அவள் விட்டதில்லை. கூடத்துச் சன்னல், சமையலறைச் சன்னல், கடைசியாக மகன் லோயிக்கின் அறைச் சன்னல். அந்த அறையில் இப்போது துணி தேய்க்கும் மேஜையும் கணவர் ரோலானின் தூண்டில் சாமான்களும்தான் கிடக்கின்றன.

"அந்த ரூம்ல யாரு இருக்கா, அதுக்கு எதுக்கு வெளக்கு?" என்று ரோலான் வருஷா வருஷம் கேட்பார்.

"தெருவுல போறவங்களுக்கு எந்த ரூம்ல யாரு இருக்கான்னு தெரியவா போகுது?" என்று அவளும் வருஷா வருஷம் சொல்வாள்.

ரோலான் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். விளக்குத் திருவிழா என்றாலே அவருக்கு ஆகாது. நாலு நாளைக்குப் பாதி ஊரை அடைத்து, எல்லாத் தடத்தையும் திருப்பிவிட்டு, ஓட்டுநரை நடுத்தெருவில் திண்டாட வைக்கிற சதி அது என்பது அவருடைய முடிவு. வேலையை விட்ட பிறகும் அந்த முடிவை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. திருவிழா நாட்களில் வீட்டிலேயே உட்கார்ந்து உள்ளூர்த் தொலைக்காட்சியில் கூட்டத்தைப் பார்த்து, "மாட்டிக்கிட்டாங்க பாரு" என்று திருப்திப்பட்டுக்கொள்வார்.

கிஸ்லேன் பள்ளிக்கூடத்தின் மதியச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை செய்கிறாள். தலைமுடிக்கு வலைத்தொப்பி மாட்டிக்கொண்டு, பெரிய கரண்டியால் உருளைக்கிழங்கு மசியலைத் தட்டில் வைத்து, "பீன்ஸையும் தின்னு, செத்துப் போயிட மாட்டே" என்று சொல்லிச் சொல்லி ஒரு தலைமுறையை வளர்த்துவிட்டாள். அவளுக்குக் கோபமே வராது என்று சொல்பவர்கள் உண்டு. கோபம் வரும். வந்தால் பாத்திரம் கழுவுவாள். வீட்டில் இரண்டு ஆண்கள், இரண்டு பேரும் பிடித்த பிடியை விடாதவர்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் காதுக்குக் கொஞ்சம் மென்மையாக்கிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதிலேயே அவளுடைய பாதி வயது கழிந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அப்படிச் சேர்க்க நேரமில்லாமல் போனது. அதுவும் எட்டாம் தேதிதான். லோயிக் தான் கட்டிக்கொள்ள நினைத்த பெண்ணை முதல்முறையாக வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தான். சைக்கிள் பழுதுபார்க்கும் கடை ஒன்றைத் தொடங்கி மூடியிருந்தான். அதற்கு முன்னால் சமையல் படிப்பு, அதுவும் பாதியில். ரோலான் இரண்டாவது கோப்பை ஒயினுக்குப் பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் குனிந்து, "இவனை நம்பி ஏறாதம்மா, பாதி வழியில இறக்கி விட்டுருவான். நான் பஸ் ஓட்டினவன், பாத்தாலே தெரியும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். லோயிக் சிரிக்கவில்லை. மேல்கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, அதைப் போட்டுக்கொள்ளாமலே குளிரில் இறங்கிப் போய்விட்டான்.

அந்தப் பெண்ணும் அவனை விட்டுப் போய் ரொம்ப நாளாகிறது. அவன் ஒரு மணி நேர ரயில் தூரத்தில் சேன்-எத்தியேனில் ஏதோ கிடங்கில் வேலை பார்க்கிறான். அம்மாவின் பிறந்தநாளுக்குக் கூப்பிடுவான். அப்பாவைக் கேட்க மாட்டான்.

இந்த வருஷம் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'எட்டாம் தேதி வர்றேன். வீட்டுக்கு இல்ல. வாலுக்குக் கீழ, ஏழு மணிக்கு.'

அவள் அதை ரோலானிடம் படித்துக் காட்டினாள். அவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நிகழ்ச்சி முடிந்து, விளம்பரமும் முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அன்னிக்கு நான் சொன்னது ஜோக்கு. நல்ல ஜோக்கு இல்ல. அப்படின்னு அவன்கிட்ட சொல்லு."

கிஸ்லேன் துடைத்துக்கொண்டிருந்த தட்டோடு அப்படியே நின்றாள். "நீயே வந்து சொல்லேன்."

"நான் சொன்னா அதுவும் ஜோக்கு மாதிரி ஆயிடும். நீ சொல்லு." பிறகு, "அதுக்காக சாப்பாட்டுக்குக் கூட்டிட்டு வந்து நிக்காதே" என்றும் சேர்த்துக்கொண்டார்.

நாலு வருஷத்தில் மகனுக்காக அவரிடமிருந்து வந்த ஒரே வார்த்தை அது. அதைச் சிந்தாமல் மகனிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த வாரம் அவளுக்கு வேறு யோசனை இல்லை. மசியல் பரிமாறும்போதுகூட உதடு அசைந்தது. நல்ல ஜோக்கு இல்ல. நல்ல ஜோக்கு இல்ல.

வாலுக்குக் கீழே என்றால் பெல்கூர் சதுக்கத்தில் வெண்கல ராஜா ஏறி உட்கார்ந்திருக்கும் குதிரையின் வாலுக்குக் கீழே. ஊரில் யாரை எங்கே பார்ப்பதென்றாலும் அங்கேதான். ரோலான் முதன்முதலில் அவளை வரச்சொன்னதும் அங்கேதான். தன் பேருந்திலேயே மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். லோயிக் ஏழு வயதில் இதே திருவிழாக் கூட்டத்தில் கையை விட்டுத் தொலைந்தபோதும், சொல்லிவைத்திருந்தபடி வாலுக்குக் கீழே போய் நின்றுகொண்டு, "அம்மா, குதிரைக்குப் பின்பக்கம் எவ்ளோ பெருசு பாரேன்" என்று சிரித்தான். அவள் அழுதுகொண்டே அவனை ஒரு அடி போட்டாள்.

எட்டாம் தேதி அவளோடு ஃபத்திஹாவும் கிளம்பினாள். இரண்டு பேரும் ஒரே சாப்பாட்டுக் கூடம், ஒரே கட்டடம். ஃபத்திஹா இரண்டு மாடி கீழே.

"உன் மவனைப் பாத்ததும் நான் ஒதுங்கிக்கிறேன். அதுவரைக்கும் நீ தனியா நடந்தா மிதிச்சுப் போட்டுருவானுங்க" என்றாள் ஃபத்திஹா.

வீடு இருக்கும் குன்றிலிருந்து படிக்கட்டு வழியாக இறங்கும்போதே கூட்டம் பிடித்துக்கொண்டது. திருவிழா நாட்களில் எல்லாத் தெருவும் ஒருவழிதான். போன பிறகு திரும்ப முடியாது. டெரோ சதுக்கத்தில் நகரமன்றக் கட்டடத்தின் முகப்பு முழுக்கக் கடல் அடித்துக்கொண்டிருந்தது. சன்னல்கள் வழியாகத் திமிங்கிலம் புகுந்து வெளியே வந்தது. பத்தாயிரம் பேர் ஒரே நேரத்தில் 'ஓ' என்றார்கள்.

"பாருடி, பாருடி" என்று ஃபத்திஹா கையை இழுத்தாள். "ஒரு நிமிஷம் நிமிந்துதான் பாரேன்."

"மணி ஆகுது."

"திமிங்கிலத்துக்கே நேரமில்லையா உனக்கு!"

காட்சி முடியாமல் சதுக்கத்தை விட்டு வெளியேறும் வாசலைத் திறக்க மாட்டார்களாம். திமிங்கிலம் செத்து, எலும்பாகி, எலும்பு பூவாகி, பூ உதிர்ந்து முடியும்வரை நின்றார்கள். அங்கிருந்து பெல்கூர்வரை, தோளோடு தோள் உரச, எறும்பு ஊர்வதுபோல் ஊர்ந்தார்கள். சதுக்கத்துக்குள் நுழைந்தபோது ஏழு தாண்டியிருந்தது.

குதிரையைச் சுற்றி வேலி போட்டிருந்தது.

குதிரையையும் ராஜாவையும் சுற்றி உயரமாகச் சாரம் கட்டி, வீடுகளில் வேண்டாமென்று கழித்த மேஜைவிளக்குக் குல்லாய்களை நூற்றுக்கணக்கில் தொங்கவிட்டிருந்தார்கள். துணிக் குல்லாய், பூப்போட்ட குல்லாய், குஞ்சம் வைத்த குல்லாய். எல்லாம் சேர்ந்து மெல்ல எரிந்து, மெல்ல மங்கி, மூச்சு விடுவதுபோல் இருந்தது. அதற்கு வெளியே, சிலையிலிருந்து நல்ல தூரம் தள்ளி, இரும்பு வேலி. வேலியை ஒட்டிக் கூட்டம் ஒரே திசையில் வட்டமாக நகர்ந்தது.

"குப்பைக் கிடங்குல பொறுக்கினதை மாட்டிட்டுக் கலைங்கறானுங்க" என்றாள் ஃபத்திஹா. ஆனால் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். வால் அந்த மஞ்சள் வெளிச்சத்தில் உள்ளே எங்கேயோ இருந்தது. அதற்குக் கீழே ஈ காக்கை இல்லை.

வேலியோரமெங்கும் ஆட்கள் போனைக் காதில் வைத்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். "வாலுக்குக் கீழதான் நிக்கிறேன்… இல்ல, நிக்க முடியல… எதிர்ல… எந்த எதிர்னா, மூக்குக்கு எதிர்ல!" இன்னொருவர், "ஏன்யா, குதிரையை அடைச்சுட்டா இந்த ஊர்ல மனுஷன் எங்கய்யா பாத்துக்கறது?" என்று பொதுவில் கேட்டார். அக்கம்பக்கம் சிரித்தது.

மஞ்சள் சட்டை போட்ட தொண்டர் பெண்மணி ஒருத்தி கையை வீசிக்கொண்டிருந்தாள். "நிக்காதீங்க, நகந்துகிட்டே இருங்க."

"நான் வாலுக்குக் கீழ ஒருத்தரைப் பாக்கணும்" என்றாள் கிஸ்லேன்.

"நீங்க மட்டுமா மேடம்? ஊரே வாலுக்குக் கீழதான் பாக்கணுங்குது. வேலி போட்ட நாள்லேர்ந்து இதே பாட்டுதான் கேக்குறேன். மேயரே வந்தாலும் உள்ள விட முடியாது. நகருங்க."

நகர்ந்தாள். நிற்க விடாததால் சுற்றினாள். ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று. உயரமாக, தோள் குனிந்து நடக்கிற ஒவ்வொருவனையும் எட்டிப் பார்த்தாள். கம்பளித் தொப்பி போட்ட ஒருவனின் கையைத் தொட்டே விட்டாள். அவன் ஜெர்மன் மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தான். போன் போட்டால் போகவில்லை. இத்தனை பேர் ஒரே இடத்தில் கூடினால் போகாது என்பது தெரிந்ததுதான், இருந்தாலும் போட்டுக்கொண்டே இருந்தாள். ஃபத்திஹா எங்கேயோ புகுந்து வறுத்த செஸ்ட்நட் கொட்டைப் பொட்டலம் வாங்கிவந்தாள். கிஸ்லேன் ஒன்றை உரித்துக் கையிலேயே வைத்திருந்தாள். சுற்றிச் சுற்றி அது ஆறிப்போனது.

குல்லாய்கள் எரிந்தன, மங்கின. கூட்டத்தில் குழந்தைகள் ஒவ்வொரு முறையும் கை தட்டின.

கடைசியில் ஃபத்திஹாதான், "போதும்டி. கால் ரெண்டும் மரத்துப் போச்சு" என்றாள்.

மெட்ரோ வாசலில் வரிசையில் நிற்கும்போது போன் அடித்தது.

"அம்மா? எங்கம்மா போயிட்ட?" லோயிக்கின் குரல். "நான் வாலுக்குக் கீழயே நின்னேனே. எப்பவும் நிப்போமே, அந்தக் கல்லு மேல, குதிரையைத் தொட்டுக்கிட்டு. முக்கால் மணி நேரம் நின்னு பாத்துட்டுக் கெளம்பிட்டேன். ரயில்ல இருக்கேன்."

கிஸ்லேன் வாயைத் திறந்தாள். பிறகு, "அப்படியா" என்றாள். "கூட்டம்டா. நான்தான் லேட்டு. டெரோவுல மாட்டிக்கிட்டோம்."

"பரவால்லம்மா. யார் தப்பும் இல்ல."

"லோயிக், அப்பா உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு. அன்னிக்கு…"

"அம்மா, சுரங்கம் வருது, கட்டாயிடும். அடுத்த வருஷம் பாக்கலாம், என்ன? வெக்கிறேன்."

ஃபத்திஹா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். வரிசை இரண்டடி நகர்ந்தது.

"அந்த வேலிக்குள்ள நாய்கூடப் போகலடி" என்றாள் மெதுவாக. "அவன் ஊர்ப் பக்கமே வரல."

"தெரியும்."

"பின்ன ஏன் கேக்காம விட்டே?"

"கேட்டா அடுத்த தடவ பொய் சொல்றதுக்காச்சும் கூப்பிடுவானா?"

ஃபத்திஹா பொட்டலத்தில் மிச்சமிருந்த செஸ்ட்நட்டை கிஸ்லேனின் கோட்டுப் பையில் போட்டாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் வெங்காய சூப்பின் வாசனை வந்தது. ரோலான் சவரம் செய்திருந்தார். கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடுகிற நீலச் சட்டையைப் போட்டிருந்தார். மேஜையில் மூன்று தட்டுகள் இருந்தன. அவர் வாசலைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் யாரும் நுழையவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

"வரலியா?"

"வந்திருக்கான்" என்றாள் கிஸ்லேன், கழுத்துத் துணியை அவிழ்த்துக்கொண்டே. "வாலுக்குக் கீழயே நின்னிருக்கான். கூட்டத்துல ஒருத்தரை ஒருத்தர் பாக்காம விட்டுட்டோம்."

சாயங்காலம் முழுக்க ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சி இப்போதும் ஓடியது. உயரத்திலிருந்து பெல்கூரைக் காட்டினார்கள். கூட்டம் கருப்பு வளையமாக வேலியைச் சுற்றி நகர்ந்தது. நடுவில் மஞ்சள் வெளிச்சம், குதிரை, காலியான தரை. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். ரோலான் தொலைக்காட்சியை அணைத்தார்.

"வாலுக்குக் கீழயா?"

"ஆமா."

"ம்." சட்டைக் கையின் பொத்தானை அவிழ்த்தார். "அந்த ஜோக்கு விஷயத்தைச் சொன்னியா?"

"சொல்ல ஆரம்பிச்சேன். லைன் கட்டாயிடுச்சு."

"இனிமே சொல்ல வேணாம்" என்றார். கோபமில்லை. தடம் ரத்தாகிவிட்டது, இறங்கிக்கொள்ளுங்கள் என்று பயணிகளிடம் சொல்கிற குரல் அது.

மூன்றாவது தட்டை எடுத்து அலமாரியில் மற்றத் தட்டுகளுக்கு அடியில் செருகினார். அப்படியே உள்ளே போனார். லோயிக்கின் அறைச் சன்னல் திறந்து மூடும் சத்தம் கேட்டது. விளக்கைத் தானாக எரிந்து அணைய விடுவதுதான் வழக்கம், ஊதக் கூடாது. திரும்பிவந்தபோது அவர் கையில் அந்தக் குவளை இருந்தது. திரியிலிருந்து இன்னும் புகை வந்துகொண்டிருந்தது.

"அந்த ரூம்ல யாரு இருக்கா" என்றார்.

கிஸ்லேன் குவளையை வாங்கிக் கழுவுதொட்டியில் போட்டாள். உருகிய மெழுகு தண்ணீர் பட்டு வெள்ளையாக உறைந்தது. அவள் கரண்டிக் காம்பால் அதைச் சுரண்டத் தொடங்கினாள்.