திறப்பதற்கு முன் போட்ட கையெழுத்து

புதன்கிழமை காலை புன்னைக்காயலிலிருந்து லூர்துவின் மகள் அழைத்தாள். "மாமா, அப்பா விடியக்காலம் தவறிட்டாங்க" என்றாள். எழுபதுகளில் துறைமுகத்தையொட்டிய அந்த ரசாயனத் தொழிற்சாலையில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். அவனை 'அவர்' என்று எழுத என் கை மறுக்கிறது. எழுதினால் அவனே சிரிப்பான்.

லூர்து கருவிப் பிரிவில் மெக்கானிக், நான் கண்ட்ரோல் ரூம் ஆபரேட்டர். ஒரே வயது. முதலில் எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது.

ஆலையின் மூலைமுடுக்கெல்லாம் உள்ள சூட்டையும் அழுத்தத்தையும் அளந்து தாளில் அடித்துத் தரும் டேட்டா லாகர் அப்போதுதான் எங்கள் அறைக்கு வந்திருந்தது. வைத்த வரம்பைத் தாண்டினால் சிவப்பு மையில் அடிக்கும், கூடவே பஸ்ஸர் கத்தும். எதற்கும் இருக்கட்டும் என்று ஆளாளுக்குச் சொல்லி வரம்புகளை நெருக்கி வைத்திருந்தார்கள். சித்திரை வெயிலில் எந்திரங்களைக் குளிர்விக்கும் தண்ணீர் கொஞ்சம் சூடானாலே மத்தியானம் முழுக்க ஊளைதான். பொறுக்கமாட்டாமல் பஸ்ஸரை அடக்கும் பொத்தானை அமுக்கி, அது எழும்பாதபடி ஒரு தீக்குச்சியைச் செருகிவிட்டேன். மூன்று ஷிஃப்டும் என்னை வாழ்த்தியது.

அதைக் கண்டுபிடித்தவன் லூர்து. மேலே சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும். நான் அப்போது நிரந்தரமாகாத ஆள். அவனோ குச்சியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "ஏலே, ஒன்னச் சொல்லிக் குத்தமில்ல. சும்மா சும்மா கத்துனா பெத்த தாயையே திரும்பிப் பாக்க மாட்டோம்" என்றான்.

மறுநாளிலிருந்து நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒவ்வோர் அளவுக்கும் ஒரே கேள்வி: "இது கத்துனா நீ எந்திச்சுப் போயி என்ன செய்வ?" ஒன்றும் செய்ய மாட்டேன் என்றால் அதற்கு பஸ்ஸர் கிடையாது, தாளோடு சரி. அறை அமைதியானது. கம்ப்ரஸரின் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கின் சூட்டுக்கு மட்டும் வரம்பை முன்பிருந்ததைவிடக் குறைத்தான். "கம்ப்ரஸரோட வந்த புத்தகத்துல இதவிட அதிகமாத்தான போட்டிருக்கு?" என்றார் சூப்பிரண்டு.

"அந்தச் சூட்டுல அடிச்சா அது சாவு மணி சார். நம்மாளு நடந்து போயி நிப்பாட்ட நேரம் வேணும்லா?"

அடுத்த மாதமே ஒரு பிற்பகலில் அந்த பஸ்ஸர் அடித்தது. சூடு ஏறிக்கொண்டே இருந்தது. ஓடிப்போய் கம்ப்ரஸரை நிறுத்தினேன், அதோடு ஆலையும் நின்றது. சூப்பிரண்டு குதித்தார். யாரைக் கேட்டு நிறுத்தினாய், உடனே எழுதிக் கொடு, இன்றே உன் கணக்கைத் தீர்க்கிறேன் என்றார். எழுதிக்கொண்டிருந்தேன். லூர்து வந்து தாளை வாங்கி, 'வரம்பை வைத்தவன் நான். மணி அடித்தால் நிறுத்தச் சொன்னவனும் நான்' என்று அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

பேரிங்கை இன்னும் கழற்றக்கூட இல்லை. எனக்குப் பதறிவிட்டது. "கொஞ்சம் பொறுலே. தொறந்து பாக்கட்டும், பெறவு போடு" என்றேன்.

"தொறந்து பாத்த பெறவு எவன் வேணும்னாலும் போடுவான்" என்றான்.

மாலையில் திறந்தார்கள். பேரிங்கின் உள்பூச்சு இளகி வழியத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் தண்டு போயிருக்கும். சூப்பிரண்டு அந்தத் தாளை மடித்துத் தன் மேசைக்குள் வைத்துக்கொண்டார். எனக்கு வேலை நிலைத்தது.

பின்னாளில் நானும் ஷிஃப்ட் பொறுப்புக்கு வந்தேன். என் ஆட்கள் மணி கேட்டு எந்திரத்தை நிறுத்திய போதெல்லாம், திறப்பதற்கு முன்பே அவர்கள் தாளில் கையெழுத்துப் போட்டேன். இரண்டு தடவை உள்ளே ஒரு பழுதும் இல்லை. நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மூன்றாவது தடவையும் முன்னாலேயே போட்டேன். லூர்துவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான்.