கட்டியும் மஞ்சள் கயிறும்

கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்திருந்தது. நல்லதா கெட்டதா என்று ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். தேவனாம்பட்டினத்திலிருந்து நாத்தனாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சிதம்பரம் போனேன். வீட்டுக்காரர் அன்று கடலுக்குப் போயிருந்தார்.

"கழுத்துல நகை இருக்கக் கூடாதும்மா. தாலிச் சங்கிலியக் கழட்டிடுங்க" என்றார் ஸ்கேன் எடுப்பவர்.

சங்கிலியைக் கையால் பொத்திக்கொண்டேன். புருஷன் கடலில் இருக்கும்போது எங்கள் பக்கத்தில் யார் தாலியைக் கழற்றுவார்கள்? நாத்தனார் பையிலிருந்து மஞ்சள் கிழங்கு கோத்த கயிறு ஒன்றை எடுத்தாள்.

"நீ இப்பிடி முழிப்பன்னு தெரிஞ்சிதான் எடுத்தாந்தேன் அண்ணி. உங்கிட்டயே தப்பிச்ச மனுசன், கடலு என்னா பண்ணிடும்?" என்று சொல்லிக் கயிற்றைக் கட்டிவிட்டு, சங்கிலியைக் கழற்றி வாங்கிக்கொண்டாள்.

"கயிறுன்னா பரவால்ல, கீழ எறக்கி வுடுங்க" என்றார் அவர்.

மிஷினுக்குள் தலையைப் பட்டையால் கட்டினார்கள். "அசையாதீங்க, எச்சி முழுங்காதீங்க" என்று ஒலிபெருக்கியில் குரல் வந்தது. உடனே வாய் நிறைய எச்சில் ஊறியது. கயிற்றின் முடிச்சு அவிழ்ந்துவிட்டது போலத் தோன்றியது. தொட்டுப் பார்க்கக் கையைத் தூக்க முடியவில்லை. முழுங்கிவிட்டேன்.

"முழுங்கிட்டீங்களேம்மா! படம் கலங்கிப் போச்சி. இன்னொரு வாட்டி எடுக்கணும்."

மறுபடியும் உள்ளே தள்ளினார்கள். இந்த முறை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு எப்படியோ தாக்குப்பிடித்தேன்.

வெளியே வந்ததும் நாத்தனார் செல்போனைக் காட்டிச் சிரித்தாள். "அண்ணன் கரையேறிட்டாராம். சங்கிலிய மாட்டிக்க."

ரிப்போர்ட் நாளைக்குத்தான் என்றார்கள். சங்கிலியை மாட்டினேன். என் விரல் தாலியில் நிற்கவில்லை. கட்டியில்தான் போய் நின்றது.