இதோ, பக்கந்தான்

மாதேஸ்வரன் இதுவரை மூன்று மலை, ஒரு பாழடைந்த கோட்டை, ஒரு அருவி, பதினாறு ஊர் கட்டியிருக்கிறான். எல்லாம் நல்லம்பள்ளியில், வீட்டு மாடி அறையில், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல். பெங்களூரில் இருக்கிற ஒரு வீடியோ கேம் கம்பெனியில் அவனுக்கு வேலை. மந்திரவாதி, ராட்சசன் எல்லாம் வேறு ஆட்கள் செய்வார்கள். அவர்கள் நடமாடுகிற காடும் வழியும் இவனுடையது. அக்கம்பக்கத்தில் விசாரித்தால் "கம்ப்யூட்டர்ல மலை போடறாரு" என்பார்கள். தப்பில்லை.

கடைசியாகப் போட்ட காட்டுக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று மேனேஜர் சுசித்ரா கேட்டபோது, "ரெண்டு மாசம் மேடம்" என்றான். இரண்டு வருஷம் ஆனது. அதைக்கூட அந்த அம்மாள் பொறுத்துக்கொண்டார். போன திங்கட்கிழமை போனில் வந்த புகார் வேறு.

"மாதேஸ், ஆடிப் பார்த்த பத்து பேர்ல ஏழு பேர் காட்டுக்குள்ளயே கேமை மூடிட்டுப் போயிட்டாங்க. அருவிக்கு வழி கேட்டா ஊர்க்காரன் பக்கந்தான்னு சொல்றான். அப்புறம் இருபத்தஞ்சு நிமிஷம் வெறும் மரம்!"

"பக்கந்தானே மேடம்" என்றான் மாதேஸ்வரன்.

அவனுக்கு அதில் ஒரு குற்றமும் தெரியவில்லை. இந்தப் பக்கத்தில் வழி கேட்டால் கிலோமீட்டர் சொல்கிற ஆள் யார் இருக்கிறார்கள்? கேட்கிறவர் மலைத்துப்போய் உட்கார்ந்துவிடக் கூடாது, அதனால் எல்லாமே பக்கந்தான். அது ஒரு மரியாதை. அந்த மரியாதையைப் பதினாறு ஊர்க்காரர்களுக்கும் ஒருவர் விடாமல் எழுதி வைத்திருந்தான். எங்கேயோ ஜெர்மனியில் உட்கார்ந்து ஆடுகிறவனுக்கு இது எப்படித் தெரியும், பாவம்.

வெள்ளிக்கிழமை வேறு பத்து பேர் ஆடுவார்கள். ஏழு பேராவது அருவியைப் பார்க்காவிட்டால் காட்டையே தூக்கிவிட்டு ஒரு மாயக்கதவு வைத்துவிடுவார்கள். ஊரில் கதவைத் திறந்தால் அருவி, அவ்வளவுதான். அப்புறம் வீட்டிலிருந்து காடு வளர்க்கிற ஆள் எதற்கு? பெங்களூர் ஆபீசுக்கு வந்து வேறு வேலை பார்க்க வேண்டும். மனைவி காவேரி இங்கே கிராம சுகாதார செவிலியர். நாலு வருஷம் காத்திருந்து சொந்தத் தாலுகாவில் வாங்கிய போஸ்டிங். அவன் அங்கே, அவள் இங்கே.

காவேரி மளிகைக் கடையில் இரண்டு அட்டைப்பெட்டி வாங்கி வந்து, அவனுக்கென்று ஒரு குக்கர், இரண்டு தட்டு, ஒரு கரண்டி எடுத்துக் கட்டிவைத்தாள்.

செவ்வாய்க்கிழமை முழுக்க அவன் காட்டில் ஓநாய்களை நிரப்பினான், முப்பது அடிக்கு ஒன்று. ஆடிப் பார்த்தால் ஒன்றை அடித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. மூச்சு விட நேரமில்லை, சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது. எல்லாவற்றையும் அழித்தான்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். காவேரி மலைமேல் இருக்கிற பாறைக்கொட்டாய் என்ற ஊருக்குப் போக வேண்டும். "ஏங்க, எந்திரிங்க. ஊசிப் பொட்டி தூக்க இன்னிக்கு ஆளு வர்ல" என்றாள். இவ்வளவு மலை போட்டவன் மலை ஏறியது அன்றைக்குத்தான்.

அடிவாரத்தில் ஆடு மேய்த்தவரிடம் எவ்வளவு தூரம் என்று கேட்டான். அவர் எந்த ஊர், யார் மகன் என்று விசாரித்துவிட்டு, "இதோ, பக்கந்தாங்க" என்றார். ஒரு மணி நேரம் நடந்தும் ஒன்றையும் காணோம்.

"என்னா பொய்யி சொல்றாங்க!" என்று கொதித்தான் மாதேஸ்வரன்.

"நீங்க எழுதுனதுதானே" என்றாள் காவேரி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

பெட்டியை இறக்கிவிட்டுத் திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது வழி ஒரு பாறைமேல் ஏறியது. தூரத்தில் ஒரு தகரக்கூரை பளபளத்தது. அடுத்த திருப்பத்தில் அது மறைந்தது; மறைந்ததும் இவன் கால் தானாக வேகம் பிடித்தது. கொஞ்சம் மேலே ஒற்றை வீட்டில் ஒரு அம்மா மோர் கொடுத்தாள். கூடவே ஒரு கட்டு முருங்கைக்கீரையைக் கையில் திணித்து, "மேலதான போறீங்க? எங்கக்கா செல்லிகிட்ட குடுத்துருங்க" என்றாள்.

அதற்கப்புறம் திரும்புகிற நினைப்பே வரவில்லை. கீரை வாடிவிடுமே.

"இன்னும் எவ்ளோ தூரம்?" என்று காவேரியைக் கேட்டான்.

"பக்கந்தான்."

பச்சைப் பொய் என்று தெரியும். நடந்தான்.

வியாழக்கிழமை அவன் காட்டு வழியில் ஒரு அடி குறைக்கவில்லை. பாதியில் ஒரு பாறை. ஏறினால் அருவிச் சாரல் தெரியும், இறங்கினால் மறையும். யார் மகன் என்று கேட்க ஒரு ஆட்டுக்காரர். அருவிக்கரை அக்காவுக்குக் கீரை கொடுத்தனுப்ப ஒரு அம்மா. ஓநாய் இரண்டே இரண்டு, அதற்குப் பின்னால் படபடப்பு அடங்க நீளமாக வெறும் மரம். ஊர்க்காரர்கள் அதே பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுசித்ரா கூப்பிட்டார். காவேரி கதவோரம் நின்றாள்.

"ஒன்பது பேர் போய்ச் சேர்ந்துட்டாங்க மாதேஸ். ஒருத்தர் கீரை வாடிடும்னு வழி பூரா ஓடியே போயிருக்காரு. கீரை வாடுமா?"

"வாடாது மேடம். வாட வைக்கணும்னா ஒரு வாரம் ஆகும்."

"வேண்டாம். காடு இருக்கட்டும். அடுத்தது பாலைவனம், அதையும் நீங்களே வீட்ல இருந்து பண்ணுங்க. எவ்வளவு நாள் ஆகும்?"

"ரெண்டு மாசம் மேடம்."

போனை வைத்தான்.

"ரெண்டு மாசமா சொன்னீங்க?" என்றாள் காவேரி.

"ஆமா."

"அப்போ ரெண்டு வருசத்துக்கு இந்த வூட்டுலதான் இருப்பீங்க."

சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையில் துடைத்துக்கொண்டு கீழே போனாள். அட்டைப்பெட்டியைப் பிரித்து, குக்கரை எடுத்து அடுப்பில் வைத்தாள்.