நாலந்தாவில் ஐந்து நிமிடம்

மாத்தளையிலிருந்து வடக்கே போகிற பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாலும் நாலந்தா தாண்டியது தெரியும். அதுவரை கொக்கோ நிழல், மிளகுக்கொடி நிழல், வளைவுக்கு வளைவு ஈரம். பிறகு காற்று சட்டென்று காய்ந்துவிடும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அது எரிந்த புல்லின் மணத்தோடு வந்து முதலில் உதட்டைத் தொடும், அப்புறம் கண்ணை. நாவுலவில் வியர்வையே தெரியாது, வருவதற்குள் காய்ந்துவிடும். தம்புள்ளைச் சந்தையில் இறங்கும்போது சட்டையில் உப்புக்கோடு மட்டும் மிச்சம்.

அந்தப் பாதையில் மூன்று வருடம் நான் கண்டக்டர். பஸ்கள் அரசாங்கத்தின் கைக்குப் போவதற்கு முன்னால், கம்பெனிகள் ஓட்டிய காலம். எனக்கு இருபத்தைந்து வயது. இப்போது அதன் இரண்டு மடங்கை நெருங்கிக்கொண்டிருக்கிறேன், இன்னும் ஓரிடத்தில் நிலையாக உட்கார வரவில்லை. அந்தப் படிக்கட்டில் நின்று நின்று வந்த பழக்கமாக இருக்கலாம்.

டிரைவர் உக்குவளைக்காரர், நாற்பதைத் தாண்டியவர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நான் அவரை நானா என்பேன். சந்தைக்குப் போகிற தமிழர்கள், சிங்களவர்கள், எல்லோருமே நானா என்பார்கள். அவருடைய இடது முழங்காலை ஒட்டி இன்ஜின் பெட்டி. அதன் மூடியில் சாக்கை நாலாக மடித்துப் போட்டிருப்போம், ஆனாலும் காலின் அந்தப் பக்கத்து ரோமமெல்லாம் கருகிப்போயிருந்தது. நாளுக்கு நான்கு ஓட்டம். அந்த நான்கு ஓட்டத்திலும் வழியில் அவர் ஒரு மிடறு தண்ணீர் குடிக்க மாட்டார்.

பஸ்காரர்களுக்கு அது ஒரு வழக்கம். குடித்தால் இறங்க வேண்டும், இறங்கினால் நேரம் போகும், நேரம் போனால் பின்னால் வருகிற கம்பெனிக்காரன் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவான். எனக்காவது ஆள் ஏறி இறங்கும் இடைவெளியில் ஒரு மரத்தின் பின்பக்கம் கிடைக்கும். நானாவால் ஓடுகிற இன்ஜினை விட்டு இறங்க முடியாது. இறங்கினாலும் ரோட்டோரம் நின்று முடித்துவிட்டு வருகிற ஆள் இல்லை அவர். மறைவில் குந்த வேண்டும், கழுவத் தண்ணீர் வேண்டும். ஒரு சொட்டு களிசானில் பட்டால் மத்தியான லுஹர் தொழுகை போச்சு. தம்புள்ளைச் சந்தையிலும் அதற்கு மறைவில்லை. ஆகவே மாத்தளை பஸ் ஸ்டாண்டில் விடிய ஒருமுறை, மாலையில் வண்டியை விட்ட பிறகு ஒருமுறை. இடையில் வறட்சி.

அதற்கெல்லாம் சேர்த்துத் தம்புள்ளையில் ஈடு செய்வார். சந்தை முனையில் ஒரு கூல்டிரிங்ஸ் கடை இருந்தது. அந்தக் கடைக்கு ஐஸ் கட்டி போவதே எங்கள் பஸ்ஸின் பின்பக்கத்தில்தான், மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றி, வழியெல்லாம் சொட்டிக்கொண்டு. ஆட்களைக் கொண்டுவந்து இறக்குகிற டிரைவருக்கும் கண்டக்டருக்கும் அங்கே எல்லாம் சும்மா. நானா ஸ்டியரிங்கிலிருந்து நேரே போய், ஐஸ் மிதக்கிற சர்பத்தை இரண்டு கிளாஸ், மூச்சு விடாமல். கிளாஸை வைத்ததும் நெற்றியைப் பிடித்துக்கொள்வார்.

"மண்டைக்குள்ள ஆணி அடிச்ச மாதிரி ஈக்கி தம்பி," என்பார். அடுத்த ஓட்டத்தில் மறுபடி குடிப்பார்.

சந்தை நாட்களில் மட்டும் எங்கள் பஸ்ஸில் ஒரு சீனர் வருவார். மாத்தளையில் ஒரு கடையின் பின்னறையில் குடியிருந்து துணி விற்றவர். தோட்டத் தொழிலாளர்களின் லயங்களில் மூட்டையோடு ஏறி இறங்கித் தமிழ் கற்றவர் என்பதால் எங்கள் தமிழையே எங்களைவிட மரியாதையாகப் பேசுவார். டிரைவருக்குப் பின் சீட், ஜன்னலோரம், காலுக்கடியில் சீத்தைத் துணி மூட்டை. நடு மத்தியானத்தில், பஸ்ஸின் தகரம் கையைச் சுடுகிற நேரத்தில், பிளாஸ்க்கைத் திறந்து ஆவி பறக்க ஏதோ குடிப்பார்.

"என்னா மொதலாளி, வெளிய இருக்கிற சூடு பத்தலியா?" என்று வெற்றிலைக் கூடையோடு வருகிற அம்மா ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

"வெளிய இருக்கிற சூட்டுக்குத்தாங்க இது," என்று அவரும் சளைக்காமல் சொல்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கம்பெனி வழக்கப்படி, ஸ்டாண்டில் பஸ்ஸின் முன்னால் நான் நீத்துப்பூசணிக்காய் உடைத்தேன். மூட்டையோடு வந்தவர் நின்று பார்த்தார். சிதறின துண்டுகளைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"வெயில் காலத்துல திங்கிற சாமான ரோட்டுல போட்டு ஒடைக்கிறீங்களே."

"கண்ணு பட்டிரக் கூடாதுன்னு மொதலாளி."

"எங்க வீட்டுல இத சூப்பு வச்சுக் குடிப்போம். யாரு கண்ணும் பட்டதில்ல."

அதே நாள்தான் அது நடந்தது. இரண்டாவது ஓட்டம், நாவுலவுக்கு இந்தப் பக்கத்து ஏற்றம். நான் மணி அடிக்கவில்லை, பஸ் தானே நின்றது. ஹேண்ட் பிரேக் இழுத்த சத்தம் கேட்டது. முன்னால் போய்ப் பார்த்தேன். நானா ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்து வலது விலாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் சாம்பல் நிறம். அந்த வெயிலில் அவருக்கு மட்டும் வியர்த்திருந்தது.

"என்னா நானா, இன்ஜினா?"

"ஓ, இன்ஜின்," என்றார் பற்களுக்கிடையில், பின்னால் உள்ளவர்களுக்குக் கேட்கும்படி. பிறகு எனக்கு மட்டும்: "கல்லு தம்பி. நாலாம் தரம். ஆஸ்பத்திரியில செல்லிட்டாங்க. இன்னொருக்கா இப்பிடி வந்தா கம்பெனிக்கு எழுதுவாங்களாம், வண்டி ஓட்ட ஏலாதுண்டு. ஆருக்கும் செல்லிராதீங்க."

வண்டி போனால் அவருக்கு என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். கராஜில் இரண்டு பழைய டிரைவர்கள் இருந்தார்கள், ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு. அவர்களைக் கடந்து போகும்போது நானா வேறு பக்கம் பார்ப்பார்.

பத்து நிமிடத்தில் வலி விட்டது. ஓட்டினார். தம்புள்ளையில் இறங்கியதும் பழக்கப்பட்ட கால் கூல்டிரிங்ஸ் கடைக்குத்தான் போனது. பின் சீட்டில் எல்லாவற்றையும் கேட்டிருந்த சீனர் மூட்டையை என்னிடம் தள்ளிவிட்டு, அவருக்கு முன்னால் கடைக்குள் போய், கிளாஸின் மேல் கையை வைத்து மூடினார்.

"இன்னைக்கு வேணாங்க டிரைவர்."

"காசு குடுக்கிறல்ல மொதலாளி. சும்மாதான் தாராங்க."

"சும்மா தந்தாலும் வேணாம். கொதிக்கிற சட்டியில பச்சத் தண்ணி ஊத்துவாங்களா? சட்டி வெடிச்சிரும். வயிறும் அப்படித்தான். ஒரு நாளைக்கு எத்தன தடவ வெளிக்குப் போறீங்க? சின்னதுக்கு."

கடைக்காரர் சிரித்தார். நானா சிரிக்கவில்லை. விரலைக் காட்டினார், இரண்டு.

சீனர் கிளாஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அப்ப இந்த ஐஸ் மட்டும் குத்தம் இல்ல," என்றார். "நீங்க தண்ணிக்குப் பயப்படுறீங்க."

"பயமா?" நானாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தண்ணி குடி, தண்ணி குடிண்டு டாக்டரும் செல்ற. நீங்களும் செல்ற. குடிச்சிட்டு எங்க போற? நாலு ஊர்ப் பொம்பளைங்கள வச்சுக்கொண்டு ரோட்டுல குந்தவா?"

எனக்குத்தான் சுருக்கென்றது. மணிக் கயிறு யார் கையில்? ஓர் அடிக்கு நிற்கும், இரண்டு அடிக்குப் போகும். மூன்று வருடமாக நான் இரண்டு அடிதான் அவசரமாக அடித்துக்கொண்டிருந்தேன்.

சீனர் சொன்னதை நான் ஒரு டிக்கட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். பச்சைப் பயறைக் கழுவி நிறையத் தண்ணீரில் போட வேண்டும். தோல் வெடிக்கிற நேரம் பார்த்து இறக்க வேண்டும், கரைய விடக் கூடாது. மேலே தெளிகிற பச்சைத் தண்ணீரை வடித்து, ஒரு கிள்ளு உப்பு. வெதுவெதுப்பாக, வாய் வாயாக, நாள் முழுக்க. மிச்சப் பயறு ராச்சாப்பாட்டுக்கு. நீத்துப்பூசணி சூப்பு, பாவக்காய், வெள்ளரிப்பழம். பொரித்த இறைச்சி கொஞ்ச நாளைக்கு வேண்டாம். காலையில் ஒரு துண்டு இஞ்சி.

"இஞ்சியா? வெயில்லயா?" என்று மறுநாள் நானா வீட்டுக் கதையைச் சொன்னார். "வீட்டுல செல்றாங்க, அந்தச் சீனனுக்குப் பைத்தியமாம். இஞ்சி சூடு, பயறு குளிர்ச்சி, ரெண்டையும் ஒரே வயித்துல போட்டா அதுங்க ரெண்டும் சண்ட புடிக்குமாம்."

அடுத்த சந்தை நாளில் அதை நான் சீனரிடம் கேட்டேன். "சண்ட புடிக்கட்டுங்க," என்றார். "வெயில் காலத்துல சூடெல்லாம் தோலுக்கு வந்துரும், வயிறு உள்ளுக்குள்ள குளிர்ந்துபோய்க் கெடக்கும். அதுக்கு இஞ்சி. நான் வைத்தியர் இல்லீங்க. எங்கம்மா சமைச்சதச் சொல்றேன்."

எனக்கு அது முழுக்க விளங்கவில்லை. இன்றைக்கும் இல்லை. ஆனால் பயற்றுத் தண்ணீர் நானாவின் வீட்டிலும் ஒத்துக்கொள்ளப்பட்ட சரக்கு. ஆகவே அது பாஸானது.

மிச்சம் என் வேலை. நாலந்தாச் சந்திக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சிங்கள அக்கா தேத்தண்ணிக் கடை வைத்திருந்தாள். கடைக்குப் பின்னால் கிணறு, கிணற்றுக்குப் பக்கத்தில் தென்னங்கிடுகு அடைத்த மறைப்பு. ஓய்வு நாளில் அங்கே போய் அவளிடம் சிங்களத்தில் பேசினேன்: ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஐந்து நிமிடம் பஸ் இங்கே நிற்கும், ஆட்கள் தேத்தண்ணி குடிப்பார்கள், டிரைவருக்குப் பின்பக்கம் வேண்டும், ஒரு வாளித் தண்ணீரும். அவள் பஸ்ஸைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. எத்தனை பெண்கள் வருவார்கள் என்று கேட்டாள். ஏன் கேட்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

முதல் நாள். ஓர் அடி அடித்தேன். நானா திரும்பி என்னைப் பார்த்தார். காலையிலிருந்து போத்தலில் கொண்டுவந்த பயற்றுத் தண்ணீரை முக்கால்வாசி குடித்திருந்தார், முகத்தில் அவசரம் தெரிந்தது. ஆனாலும் மானஸ்தர். சாவகாசமாக இறங்கி, டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்து, பிறகுதான் பின்பக்கம் நடந்தார்.

அவர் கிடுகு மறைப்பை எட்டுவதற்குள் வெற்றிலைக் கூடை அம்மா அவரைத் தாண்டி ஓடினாள். அவளுக்குப் பின்னால் தக்காளிக்காரிகள் இரண்டு பேர். அவர்களுக்குப் பின்னால் கைப்பிள்ளையோடு ஒருத்தி, பிள்ளையைப் போகிற போக்கில் நானாவின் கையில் கொடுத்துவிட்டு. அதற்கும் பின்னால் இன்னும் ஆறு பேர். நானா பிள்ளையோடு கிணற்றடியில் நின்றார், காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு.

"சுருக்கா வாங்க தாய்மாரே," என்றார். "எனக்கும் வருது."

"மூணு வருஷமா எங்களுக்கும் வந்திச்சு நானா," என்று மறைப்புக்குள்ளிருந்து குரல் வந்தது. "நீங்க நிப்பாட்டுனீங்களா?"

மூன்று வருடம் அவர்களுக்கு டிக்கட் கிழித்துக் கொடுத்திருக்கிறேன். அவர்களில் ஒருத்திகூட பஸ்ஸில் தண்ணீர் குடித்ததை நான் பார்த்ததில்லை. பொம்பளைகளுக்குத் தாகம் குறைவு என்று நினைத்திருந்தேன். அப்படித்தான் நினைத்திருந்தேன், வெட்கத்தோடு எழுதுகிறேன்.

தம்புள்ளையில் டைம்கீப்பர் கத்தினார். பின்னால் வந்த பஸ் எங்களை இரண்டு தடவை தாண்டிப் போனது. ஒரு வாரம் டிக்கட்டுகள் குறைந்தன. அப்புறம் கூடின. அவசரக்காரர்கள் அந்த பஸ்ஸுக்குப் போனார்கள், மற்றவர்கள் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். கடைக்கார அக்கா மறைப்பை இரண்டாகத் தடுத்தாள்.

சந்தை நாட்களில் சீனர் பின் சீட்டிலிருந்து சிறுநீரின் நிறத்தைப் பற்றி ஒரே கேள்வி கேட்பார். பஸ் நிறையப் பெண்கள் இருந்ததால் கேள்வியும் நானாவின் பதிலும் தேத்தண்ணிக் கணக்கில் வரும்.

"சாயம் எப்படிங்க டிரைவர்?"

"கடும்."

அடுத்த கிழமை: "கொஞ்சம் கடும்."

அதற்கடுத்த கிழமை வேகமாக ஓட்டிக்கொண்டே, திரும்பாமல், சத்தமாக: "தேயிலய மறந்துட்டு வெறும் தண்ணிய மட்டும் ஊத்தின மாதிரி மொதலாளி!" வெற்றிலை அம்மா எந்தக் கடை என்று கேட்டாள், இனி அந்தக் கடைக்குப் போகக் கூடாது என்பதற்காக.

கச்சான் முடிவதற்குள் கல் இறங்கிவிட்டது. ஒரு காலை நானா அதை டிக்கட்டில் மடித்துக் கொண்டுவந்து காட்டினார். மல்லி விதை அளவு. "இதுக்குத்தான் இந்தப் பாடு," என்று கிணற்றடியில் வீசினார். ஆஸ்பத்திரியில் கம்பெனிக்கு எதுவும் எழுதவில்லை. டாக்டர் தண்ணீர் குடி என்றே மறுபடியும் சொன்னாராம்.

பிறகு மழை வந்தது. வடக்கிலிருந்து மேகம், ரோட்டில் சிவப்புத் தண்ணீர், பஸ்ஸுக்குள் ஈரச் சாக்கின் வாசனை. நாலந்தாவை நெருங்கும்போது மழை கொட்டியது. இந்த மழையில் யார் இறங்கப் போகிறார்கள் என்று நான் மணி அடிக்கவில்லை. நானாவும் வேகத்தைக் குறைக்கவில்லை. கடைக்கார அக்காவின் விளக்கு ஜன்னலைக் கடந்து போகத் தொடங்கியது.

மணி அடித்தது. ஓர் அடி.

என் கை கயிற்றில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். வெற்றிலை அம்மா ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு, சீட்டில் ஏறி நின்று, மறுகையால் கயிற்றை இழுத்திருந்தாள்.

"என்னா பாக்கிற? நீ நிப்பாட்டிப் பழக்குன, நாங்களும் தண்ணி குடிச்சிட்டோம். எறங்க வுடு," என்றாள்.

நானா பிரேக்கை மிதித்தார்.