தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

தம்பி பிறந்தபோது என் மகளுக்கு ஐந்தரை வயது. குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அவளைச் சீண்டினார்கள்: "இவன்தான் அம்மா பெத்த புள்ள. உன்னைத் தவிட்டுக்குல்ல வாங்குனோம்." எங்கள் பக்கத்தில் இதைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் கிடையாது. நானும் சின்ன வயதில் கேட்டு, அழுது, மறந்தவள்தான். அதனால் எந்த மில்லில் வாங்கினாய் என்று அவள் கேட்டபோது, பூதலூர் ஸ்டேஷன் பக்கத்து மில்லில், ஒரு பை தவிடு கொடுத்து வாங்கினேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். என் வாயில் கொள்ளிக்கட்டையைத்தான் வைக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை மதியம், சின்னவனைத் தூங்கவைத்துவிட்டு வந்தால் அவளைக் காணோம். கொல்லைக்குப் பின்னால் வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வேறு நினைப்பே வரவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் காலால் துழாவினேன். பக்கத்து வீட்டு ஆண்களும் குதித்துத் தேடினார்கள். அரை மணி நேரம் கழித்து மில்லிலிருந்து போன் வந்தது. அவளுடைய புத்தகப் பையில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தார்கள்.

ஈரப் புடவையோடு பக்கத்து வீட்டுக்காரர் பைக்கில் போய் இறங்கினேன். மில் வாசலில் பையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே புத்தகம் இல்லை. மாட்டுக்கு வைத்திருந்த தவிடு.

"தவிட்டத் திருப்பித் தர்றேன், எங்க நிஜ அம்மாவக் கூப்பிடுங்கன்னு நிக்கிதும்மா," என்றார் மில்காரர்.

மூன்று கிலோமீட்டர், நடுவில் ரயில்வே கேட். எப்படி வந்தாய் என்று கேட்டேன். ரோட்டில் வண்டியில் போன ஒரு மாமாவிடம் நிஜ அம்மாவிடம் போகணும் என்றாளாம், ஏறிக்கொள்ளச் சொன்னாராம். முன்பின் தெரியாத ஆள். இறக்கிவிட்டுப் போயிருக்கிறார், நல்ல மனிதர். இல்லாவிட்டால்? தெரியாதவர்கள் சாக்லேட் கொடுத்தால் வாங்காதே என்று தினமும் சொல்லி அனுப்பியவளும் நான்தான், யார் கூப்பிட்டாலும் ஏறிப்போக ஒரு காரணத்தைக் கொடுத்தவளும் நான்தான்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். நான் சொன்னது பொய், நீ என் வயிற்றில் பிறந்தவள் என்று சத்தியம் செய்தேன். அவள் அசையவில்லை. புடவையை விலக்கி, அடிவயிற்றில் ஆபரேஷன் தழும்பைக் காட்டினேன். இரண்டு பேரையும் டாக்டர் இதே இடத்தில் கீறித்தான் எடுத்தார் என்றேன்.

அவள் தழும்பைப் பார்த்தாள். தொடவில்லை.

"இது தம்பி வந்த வழின்னுதானே அன்னிக்குச் சொன்ன?" என்றாள்.