மாலோஸ் திராத்தோஸுக்கு நான் சொன்ன தமிழ்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இதை நான் எங்கும் ஒளிப்பதில்லை. படித்தவர்கள் முன்னால்தான் இன்னும் உரக்கச் சொல்வேன். ஏனென்றால் அதற்கு அடுத்த வரி லண்டனில் மூன்று பலசரக்குக் கடை, கிங்ஸ்பரியில் சொந்த வீடு, வாயில் நான்கு மொழி. நான்காவது ஸ்பானிஷ். இங்கே வருவதற்கு முன் ஆறு வருடம் ஸ்பெயினின் கடற்கரை ஊர் ஒன்றில், ஒரு உணவகத்தில் தலைமைச் சமையல்காரனாக இருந்தேன் என்று கட்டிய மனைவிக்கும் சொல்லியிருந்தேன். வெள்ளைத் தொப்பியோடு எடுத்த படம் வரவேற்பறையில் தொங்குகிறது.

அந்தப் படம்தான் என்னை மாட்டிவிட்டது. வெஸ்ட் ஈலிங் கோயிலில் மனைவிக்கு ஒரு பிள்ளை பழக்கமானாள். ஸ்பெயினில் கடை வைத்திருக்கும் எங்கள் ஆள் ஒருவனைக் கட்டி, மூன்று வருடம் அங்கே இருந்து, விவாகரத்து வழக்கும் போட்டுவிட்டு லண்டனில் தமக்கையிடம் வந்தவள். புருஷனும் பின்னாலேயே வந்து தமக்கை வீட்டு வாசலில் நிற்கத் தொடங்கியிருந்தான். அவன் கிட்ட வராமலிருக்க நீதிமன்ற உத்தரவு வேண்டும். கையில் இருந்தவை ஸ்பானிஷ் வழக்குத் தாள்கள் மட்டும்.

"என்ர மனுசனுக்கு ஸ்பானிஷ் தண்ணிபட்ட பாடு" என்று மனைவி சொல்லிவிட்டாள்.

லோயர் இங்கேயே பிறந்த தமிழ்ப் பெண். கடையொன்றின் மேல்மாடியில் அலுமாரி அளவு அறை. என்னைச் சுவரோரம் இருத்தினார்கள். எனக்கும் கதவுக்கும் நடுவில் மனைவியின் நாற்காலி.

"கோர்ட்டுக்கு வேற டிரான்ஸ்லேட்டர் வருவா, அங்கிள். இண்டைக்கு எனக்குக் கேஸ் விளங்கினாக் காணும். போன்ல போட்டா 'மோசமான நடத்தை' எண்டு மட்டும்தான் வருது."

"கண்ணாடியை விட்டிட்டு வந்திட்டன், பிள்ளை."

"இந்தாங்கோ." மனைவி கைப்பையிலிருந்து என் பழைய கண்ணாடியை எடுத்து நீட்டினாள். "மறப்பார் எண்டு எனக்குத் தெரியும்."

ஸ்பானிஷ் எழுத்து நேர்மையானது, எழுதியபடியே வாசிக்கலாம். கணீரென்று வாசித்தேன். மாலோஸ் திராத்தோஸ், போன் 'மோசமான நடத்தை' என்று சொன்னது இதைத்தான். அதற்குப் பின்னால் பெஹாத்தியோனெஸ். வாசித்தேனே தவிர, என்னவென்று தெரியாது. நான் இருந்த அடுக்களையில் சட்டம் படித்தவர் யாரும் என்னோடு பேசியதில்லை. மூன்று பெண்களும் என் வாயைப் பார்த்தார்கள்.

"புருஷன் பெண்சாதிச் சண்டை" என்றேன். "கொஞ்சம் கூடிப்போன சண்டை."

அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். லோயர் பேனையை வைத்தாள்.

"சண்டை மட்டும் எண்டா ஜட்ஜ் ஓடர் தரமாட்டார், அங்கிள்."

அவசரமாகப் பக்கத்தைத் திருப்பினேன். புருஷன் சொன்ன சொற்களை வரிசையாக எழுதியிருந்தார்கள். இனூத்தில். எதற்கும் உதவாதது. அடுத்தது கழுதை. அதற்கடுத்தவற்றை நான் இங்கே எழுதமாட்டேன். ஒன்றுகூட எனக்குத் தெரியாத சொல் இல்லை. கடைக்கு வருகிறவர்களுக்கு முன்னால், சிரித்த முகத்தோடு, தினமும் சொல்வானாம். இந்தப் பிள்ளைக்கு மொழி தெரியாது என்பதால், ஏதோ பகிடி என்று அவளும் சேர்ந்து சிரிப்பாளாம்.

இதைத் தமிழில் சொன்னேன். லோயர் அடுத்துக் கேட்டதில் பிழையில்லை, அது அவள் தொழில்.

"அவனுடைய லோயர் இதைத்தான் கேப்பார், அங்கிள். விளங்காட்டி அவவுக்கு எப்பிடி நோகும்?"

ஜன்னல் வர்ணம் பூசி ஒட்டிப்போயிருந்தது. கழிப்பறை எங்கே என்று கேட்டு எழும்பலாமா என்று நினைத்தேன். மனைவியைத் தாண்டித்தான் போகவேண்டும்.

"விளங்கிற நாள் ஒண்டு வரும்" என்றேன். "அண்டைக்கு முந்திச் சிரிச்ச எல்லா நாளும் திரும்பி வரும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் அங்க கோப்பை கழுவினவன். பெரிய சமையல்காரன் இதே சொல்லுகளால என்னைக் கூப்பிடுவான். எல்லாரும் சிரிப்பாங்கள். நல்ல பேர் வைச்சிருக்கிறாங்கள் எண்டு நானும் சிரிச்சனான். அந்த ஊரில ஒரு மனுசியின்ர கடைக்குப் போய், என்ர பேர் இனூத்தில் எண்டு நானே சொன்னனான். அந்த மனுசிதான் அர்த்தம் சொன்னது."

மனைவி என் பக்கம் திரும்பினது தெரிந்தது. நான் மேசையையே பார்த்தேன்.

அப்போதுதான் அந்தப் பிள்ளை முதல் தடவையாக என்னோடு பேசினாள்.

"விளங்கின பிறகும் சிரிச்சனீங்களோ, அங்கிள்?"

இதற்கு மட்டும் என்னிடம் ஒரு பொய்யும் ஆயத்தமாக இருக்கவில்லை.

"ஓம். என்ர பாஸ்போர்ட் அவன்ர மேசை லாச்சிக்குள்ள பூட்டிக் கிடந்தது."

"என்ரயும்" என்றாள். "நானும் சிரிச்சனான். சிரிக்காட்டிக் கதவைப் பூட்டிப்போட்டுப் போவார்."

"கதவைப் பூட்டினவரோ?" லோயர் பேனையை எடுத்தாள். "இது தாளில இல்லையே."

"அங்க ஒருத்தரும் கேக்கேல்லை."

எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்று லோயர் கேட்கக் கேட்க, அவள் தமிழிலேயே சொன்னாள், நிறுத்தாமல். இது காணும், திங்கட்கிழமையே கோர்ட்டுக்குப் போகலாம் என்றாள் லோயர். என் ஸ்பானிஷுக்கு இனி அங்கே வேலையில்லை. மூன்று கடை, நான்கு மொழி, எல்லாவற்றோடும் எழுந்து நின்றேன்.

மனைவி நாற்காலியை நகர்த்தவில்லை.

"இருங்கோ" என்றாள். "படத்தில இருக்கிற அந்தத் தொப்பி ஆருடையது?"